கேட்டு வாங்கிய கரை

முல்லைத்தீவுக் கடற்கரைத் தேநீர்க்கடை. தொலைக்காட்சியில் இந்திய ரொக்கெட் ஒன்று மேலே போகிறது. கருவாடு காயப்போட்டுவிட்டு வந்த றீற்றா அக்கா அதையே பார்க்கிறார்.

இந்தியாவின் விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விஞ்ஞானியைப் பற்றி அவருக்குச் சொல்கிறேன். முதல் ரொக்கெட் ஏவ அவர் தேர்ந்தெடுத்தது கேரளத்தில் ஒரு மீனவ ஊர். நடுவில் தேவாலயம். ஆயரிடம் நேரில் போய்க் கேட்டார்; ஆயர் பூசையில் சனத்திடம் கேட்டார். சனம் சம்மதித்து வீடுகளையும் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்தது. அங்கேதான் விஞ்ஞானியின் வேலை தொடங்கியது.

“கேட்டவரோ?” அக்கா கோப்பையைக் கீழே வைக்கிறார்.

“ஓம் அக்கா.”

“நல்ல மனுசன். எங்கட காணியிலை வேலி அடிச்சவை ஒரு சொல்லும் கேக்கேல்லை, தங்கச்சி.”

அவர் காட்டும் பக்கம் திரும்புகிறேன். இராணுவ முகாமின் முட்கம்பிக்கு அப்பால் அவருடைய தென்னைகள் குலை தள்ளி நிற்கின்றன.