பள்ளிச் சுவர்ப் பக்கம்

போன வருஷம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருப் பெண்களைப் பேரிடர்ப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். வடையும் டீயும் கொடுத்து, அறிவுரை சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே பார்த்தால், எங்கள் தெருக்களின் வரைபடத்தைத் தரையில் ஜமக்காளம் மாதிரி விரித்து, கேரம் காய்களை மனிதர்களாகவும் தீப்பெட்டியைத் தீயணைப்பு வண்டியாகவும் வைத்து ஓர் ஆட்டம்!

எங்கள் அணிக்கு வந்த சீட்டு: காலை நேரம், எங்கள் தெருக்கோடி வீட்டில் தீ. நாங்கள் வண்டியை ஊரெல்லாம் சுற்றவிட்டோம். அதற்குள் வீடு எரிந்துவிட்டது. நேராகப் போகாமல் ஏன் சுற்றினீர்கள் என்று கேட்டார் பயிற்சி கொடுத்த பெண்.

"காலையில தெருவுல பாவு போட்டிருப்பாங்களே மேடம். அது குறுக்க யாராவது வண்டிய உடுவாங்களா?" என்றேன், சற்றுக் கோபமாகவே. நெசவுக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீராக்குவதுதான் பாவு போடுவது. எங்கள் தெருவில் நாய்கூட அதைத் தாண்டாது.

அவர் வரைபடத்தில் ஒரு நூலை நீட்டி வைத்து, நகர்த்திக் காட்டச் சொன்னார். பாதிப் பேர் வீடுகள் பக்கம் இழுத்தோம், பாதிப் பேர் எதிர்ப்பக்கம். நூல் அறுந்தது. எல்லோரும் வீடுகள் பக்கமே போனால், உள்ளேயிருந்து ஓடிவருபவர்களுக்கு வழியில்லை. குனிந்து பார்த்தபோதுதான் எதிரே பள்ளிச் சுவரோரம் முழுக்கக் காலி என்பது கண்ணில் பட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் அந்தச் சுவரோரம்தான் நடக்கிறேன்!

வீட்டில் சொன்னால் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தாயம் ஆடிட்டு வந்து கத சொல்லிக்கினு இருக்குறியா?"

மழை விட்டிருந்த ஒரு காலையில் எங்கள் வீட்டுப் பாவு தெருவில் இருந்தது. கல்யாணப் புடவைகளுக்கானது, எங்கள் கைமுதல் மொத்தமும் அதில்தான். திடீரென்று சில வீடுகள் தள்ளிச் சமையல் கேஸ் தீப்பிடித்துக்கொண்டது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண் மாடியில் மாட்டிக்கொண்டாள். படிக்கட்டு அடுப்பங்கரையை ஒட்டி இருந்தது. தீயணைப்பு வண்டி தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. பாவின் முனையைப் பிடித்தபடி கணவர் என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் ஸ்கூல் சுவரு பக்கம் வாங்கம்மா! ஒரே பக்கம்!" என்று கத்தினேன். அன்று ஆட்டம் ஆடிய பெண்கள் ஓடிவந்து நடுவில் வரிசையாகத் தாங்கிக்கொள்ள, பாவு அப்படியே சுவரோரம் போனது. வண்டி எங்கள் முதுகை உரசாத குறையாக நுழைந்தது. ஏணி வைத்து அந்தப் பெண்ணைப் பத்திரமாக இறக்கினார்கள். பாவைக் கீழே விடாமலேயே நான் அழுதேன்.

சில இழைகள் அறுந்திருந்தன. அன்று முழுக்க உட்கார்ந்து முடிச்சுப் போட்ட கணவர் தலை நிமிராமல் சொன்னார்: "அந்த ஆட்டத்த இன்னொரு தபா வெச்சாங்கன்னா என்னையும் இட்டுக்கினு போம்மா."

இப்போது பள்ளிச் சுவரோரம் யாரையும் பைக் நிறுத்த நாங்கள் விடுவதில்லை. அந்தப் பெண் தாய்வீடு வரும்போதெல்லாம், அன்று அவள் வயிற்றில் இருந்த மகள் அந்தச் சுவரைப் பிடித்துத்தான் நடை பழகுகிறாள். நல்லவேளை, நிஜ நெருப்பு வருவதற்குள் கேரம் காய்களை வைத்து ஒருமுறை தோற்றுப்போனோம் என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைந்துபோகிறது.