வில்லுக்குச் சவரம் செய்த மாப்பிள்ளை

என் தங்கை புருஷன் சலூன் வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, நீளமாக ஒரு கண்ணாடி, பாதி நேரம் பாடாத ஒரு ரேடியோ. குடி கிடையாது, சீட்டு கிடையாது, வாடிக்கையாளரின் காதை இதுவரை வெட்டியதும் கிடையாது. இப்படி ஒரு தங்கமான மனுஷனைக் கொடுத்த கடவுள் எங்கேயாவது ஒரு கோணல் வைக்காமலா விடுவான்? வைத்தான். வில்.

ஒரு நாள் யாரோ ஒருவர் ஆளுயர மூங்கில் வில்லோடு கடைக்கு வந்திருக்கிறார். எல்லோரும் குடை சாத்துகிற மூலையில் அதைச் சாத்திவிட்டு முடி வெட்டிக்கொண்டார். குடையை மறக்கிற மாதிரியே அதையும் மறந்துவிட்டுப் போனார். திரும்பி வருவார் என்று மாப்பிள்ளை தினமும் அதைத் துடைத்து வைத்தார். ஆள் வரவில்லை, துடைக்கத் துடைக்க ஆசைதான் வந்தது. அதற்கப்புறம் பழைய சாமான் கடை, ஏலம் என்று எங்கே வில் இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். பாதி சவரத்தோடு ஒருவரை உட்காரவைத்துவிட்டுப் போனதும் உண்டு.

மாடி அறை முழுக்க வில். சுவரில் வில், கட்டிலுக்கடியில் வில், பீரோவுக்குப் பின்னால் வில், மூலையில் கட்டுக் கட்டாக அம்பு. ஒன்றையாவது எய்து பார்த்தாரா என்றால் அதுதான் இல்லை. கேட்டால், "நாணை இழுத்தா அதுக்கு வலிக்கும் மச்சான்" என்பார். தெருவே அவரை வில்லன் என்றுதான் கூப்பிடும். எறும்பு ஊர்ந்தால் ஒதுங்கி நிற்கிற ஆளுக்கு அந்தப் பேர்.

என் தங்கை தையல்காரி. மிஷினைப் போட வேறு இடமில்லாமல் அடுப்படியில் போட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஆர்டர் வந்ததும், வெள்ளைச் சட்டையில் எண்ணெய் தெறித்தால் யார் பதில் சொல்வது என்று சண்டை ஆரம்பித்தது. அவளுக்கு மாடி அறை வேண்டும். அவருக்கு வில் வேண்டும். அதெல்லாம் விலைமதிப்பில்லாத சொத்து என்று அவர் அடித்துச் சொல்ல, அவள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"சொத்துங்கறாரில்ல, அப்ப எந்த இன்சூரன்ஸ் கம்பெனியாவது கையெழுத்துப் போட்டு ஒரு பாலிசி குடுக்கட்டும். குடுத்தா நான் வாயத் தெறக்கல. இல்லைன்னா எல்லாத்தையும் எங்கண்ணன் வண்டியில ஏத்தி அனுப்பிருவேன்."

அந்த அண்ணன் நான்தான். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். கட்டில், பீரோ, ஒரு தடவை உயிரோடு வான்கோழிகூட ஏற்றியிருக்கிறேன். வில் ஏற்றியதில்லை.

ஒவ்வொரு வில்லையும் போட்டோ எடுக்க வேண்டும், என்ன மரம், எவ்வளவு நீளம், எங்கே என்ன அடையாளம் என்று எழுதிவைக்க வேண்டும், பிறகு மதிப்பீட்டாளர் நேரில் வருவார் என்று கம்பெனியில் சொன்னார்கள். மாப்பிள்ளைக்குத் தலையைப் பார்த்துத்தான் பழக்கம். அப்படியே எழுதினார்: 'உச்சியில் தேய்வு. பக்கவாட்டில் அடர்த்தி. பின்பக்கம் ஒரு சுழி.' போட்டோவுக்கு ஒவ்வொரு வில்லையும் சலூன் நாற்காலியில் உட்காரவைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, பின்பக்கம் தெரிவதற்குக் கைக்கண்ணாடி வேறு பிடித்தார்.

அதோடு விட்டாரா? தன் நாற்காலியில் உட்கார்ந்த எதுவும் அலங்கோலமாக எழுந்து போகக்கூடாது என்பது அவர் தொழில் தர்மம். போட்டோவுக்கு முன்னால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தார். கொம்பும் மாட்டு நரம்பும் வைத்து ஒட்டிய பழைய வில் ஒன்று இருந்தது. அதன் முதுகில் நரம்பு பிரிந்து இழை இழையாக நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு அது முடி. புது பிளேடு போட்டுச் சுத்தமாக வழித்துவிட்டார்.

மதிப்பீட்டாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒல்லியான ஆள், சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். தங்கை என்னையும் வண்டியோடு வரச்சொல்லியிருந்தாள். அவர் ஒவ்வொரு வில்லாக எடுத்தார், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார், வைத்தார். எல்லாம் போன வாரம் செய்த மாதிரி இருக்கிறதே, பழையது எங்கே என்று கேட்டார். இதெல்லாம் பழசுதான் என்றார் மாப்பிள்ளை. காலகாலமாகக் கை பிடித்த கறுப்பும் புகையேறிய நிறமும்தான் பழசுக்குச் சாட்சி, அதைத்தான் நீங்கள் தேய்த்துவிட்டீர்கள் என்றார் அவர். அப்புறம் கொம்பு வில்லை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுக்கு பவுடர் போட்டீங்களா?"

"சவரம் பண்ணினா பவுடர் போடறதுதான் சார் வழக்கம்."

அந்த மனிதர் வில்லை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: இவையெல்லாம் அலங்காரப் பொருள். பூச்சாடி மாதிரி வீட்டுச் சாமானோடு சேரும். தனிப் பாலிசி கிடையாது.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சாவியை எடுத்தேன். மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிருந்தது. பிணம் தூக்க வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அப்புறம் அவருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"பூச்சாடியா? எய்தா ஆளைச் சாய்க்கும் சார் இது."

எய்கிற நிலையில் இருந்தால் அது விளையாட்டுச் சாமான், அதற்கு வேறு பாலிசி உண்டு, எய்து காட்டுங்கள் என்றார் மதிப்பீட்டாளர். கொல்லையில் துணி காயப்போடுகிற கொடியில் ஒரு தலையணையைக் கட்டினோம். அந்த மூங்கில் வில்லை மாப்பிள்ளை முட்டியால் அழுத்த, நான் நாணை மாட்டினேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மாப்பிள்ளை அம்பைத் தொடுத்தார். வாடிக்கையாளரின் கிருதாவை அளக்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கினார். கடைசி நேரத்தில் பயந்துபோய் இன்னொரு கண்ணையும் மூடிவிட்டார்.

தலையணைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்பு அதைத் தாண்டி, திறந்து கிடந்த பின்கேட்டு வழியாகச் சந்துக்குள் போய், அங்கே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் சீட்டில் குத்திக்கொண்டு நின்று ஆடியது. யாருடைய மோட்டார் சைக்கிள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மதிப்பீட்டாளர் போய் அம்பை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, தன்பாட்டுக்கு எழுத ஆரம்பித்தார்.

"வில்லுக்குப் பாலிசி கிடையாது" என்றார் தலை நிமிராமல். "உங்களுக்குத்தான் வேணும். உங்களால ஊருக்கு என்ன சேதம் வந்தாலும் கம்பெனி பொறுப்பேத்துக்கற பாலிசி. மறுக்காம எடுத்துக்கங்க."

பாலிசி வந்தது. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. மாப்பிள்ளை அதைச் சலூனில் கண்ணாடிக்கு மேலே மாட்டி, நான் ஆபத்தான ஆள், கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தங்கை விடுவாளா? கழற்றிக் கொண்டுவந்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தாள்.

"நான் சொன்ன வாக்கு வாக்குதான். கம்பெனி கையெழுத்துப் போட்டுடுச்சு, வில்லு இருக்கட்டும். ஆனா குடும்பத்தாளுக்கு அடிபட்டா ஒண்ணும் தரமாட்டாங்களாம். அண்ணே, அம்பை ஏத்து."

ஏற்றினேன். அம்பெல்லாம் இப்போது என் வீட்டுப் பரணில். மிஷின் மாடி அறைக்கு ஏறியது. கட்டிலுக்கடியில் கிடந்ததும் சேர்த்து வில்லெல்லாம் இப்போது சுவர் ஆணியில் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டு. மாப்பிள்ளை சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போன வாரம் போனபோது, பெரிய வகுப்புச் சட்டைக்கு எந்த வில்லின் தோள் சரியாக இருக்கும் என்று அவரே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.