ஓட்டைக் கல்

ராயபுரத்தில் ஒரு காண்டிராக்டரிடம் நான் கிளார்க்காக இருந்தபோது, கல்லைச் சோதித்துச் சான்று தர வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை. எந்தக் கல்லை எடுத்தாலும் முதலில் நாக்கால் தொட்டுப் பார்ப்பார்.

வெளிநாட்டுக் கப்பலொன்று கடலில் ஆடாமலிருக்க அடியில் பாரமாக ஏற்றிவந்து இறக்கிய கல்லை, கிடங்குச் சுவருக்கென்று வாங்கியிருந்தார் காண்டிராக்டர்.

"இன்னா சார், கல்லு பூரா ஓட்டையா கீது?" என்று சோதிக்க வந்தவரிடம் கேட்டாள் கல் சுமக்கும் அஞ்சலை.

"மலை எழும்பறப்போ பாறை அடுக்குங்க ஒண்ணுமேல ஒண்ணு நகரும்மா. நடுவுல ஜிப்சம் இருந்தா வழுக்கும். கூட இருக்கிற சுண்ணாம்புப் பாறை நொறுங்கிடும். சுண்ணாம்புத் தண்ணி அந்தச் சில்லுங்களை ஒட்டவைக்கும். அப்புறம் மழைத்தண்ணி ஜிப்சத்தைக் கரைச்சுடும். அது இருந்த இடம்தான் இந்த ஓட்டை."

பிறகு என்னிடம், "இது சுவருக்கு ஆகாது. ஆகாதுன்னே எழுதிடறேன், கவலைப்படாதீங்க," என்றார். நம்பினேன்.

மறுவாரமே அந்தக் கல்லால் சுவர் எழும்பியது. "உறுதியான கல்னு அவரே எழுதியிருக்காரே!" என்று காகிதத்தைக் காட்டினார் காண்டிராக்டர்.

ஐப்பசி மழையில் சுவர் சரிந்து அஞ்சலையின் கால் நசுங்கியது. விசாரணையில் சான்று எழுதியவர் என் முகத்தைப் பார்க்காமல், "கிளார்க் எனக்கு வேற கல்லைத்தான் காட்டினார்," என்றார். என் வேலை போயிற்று.

"அந்த ஓட்டைக் கல்லப் பாத்துத்தான எங்கையிலயே சொன்னாரு நைனா, நான் வந்து சொல்றேன்," என்று ஆஸ்பத்திரியில் அழுதாள் அஞ்சலை. அவளை யாரும் கூப்பிடவில்லை.

சுவருக்கு ஆகாது என்று என்னிடம் சொல்லாமலே அவர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஏன் சொன்னார் என்பதுதான் இன்றும் எனக்குப் புரியவில்லை.