பூட்ட முடியாத யன்னல்

போன கிழமை மகள் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள். யன்னலுக்குக் குறுக்கே மூன்று பலகை, அவற்றில் வரிசையாகச் சின்னச் சின்னச் செடிகள். "அப்பா, இப்பிடி ஒண்டு அடிச்சுத் தாங்கோ" என்றாள். சுத்தியலை எடுக்குமுன் யன்னலைப் பூட்டிப் பார்த்தேன். திறந்தேன், திரும்பவும் பூட்டினேன். நாலாம் தரம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

பக்கத்து அறைக்கு அன்றுதான் சுண்ணாம்பு அடித்திருந்தோம். அந்த ஈர வாசம் உங்களுக்குப் பிடிக்குமோ தெரியாது. கோயில் திருவிழா ஞாபகம் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு வருவது இருபத்து மூன்று வயதும் கற்பிட்டிப் பாதையோரத்துச் சுண்ணாம்புச் சூளையும்தான்.

சண்டை முடிந்து இரண்டு வருடம் இருக்கும். சூளையில் சுட்ட கல்லைத் தண்ணீர் தெளித்து நீற்றி, சலித்து, மூட்டை கட்டுவது என் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். மாப்பிள்ளைக்குப் பவுடர் அதிகம் என்று அக்கா பகிடி பண்ணுவாள். அத்தான் வன்னியில் சண்டையிலேயே போய்விட்டார். அங்கிருந்து அக்கா மிச்சமாகக் கொண்டுவந்தது ஒன்பது வயது மகள் சுகியைத்தான். சுகிக்கு முட்டு. தூசி பட்டால் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். சூளைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோட்டம்தான் இருந்தது. ஆனாலும் எங்கள் சோறு அந்தச் சூளையிலிருந்துதானே வந்தது.

கிளினிக் வரிசையில் யாரோ அக்காவிடம் செடி இலைகள் தூசியைப் பிடித்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா பால்மா ரின்களில் கற்பூரவள்ளியும் கற்றாழையும் மணிப்பிளான்டும் வைத்தாள். யன்னலில் தட்டு அடிப்பது என் பொறுப்பு. மூட்டை அடுக்கும் பழைய பலகைகளைச் சூளையில் கேட்டு வாங்கி வந்தேன். அந்த வயதில் எனக்கு என்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம். அளவுநாடாகூடக் கையில் எடுக்கவில்லை, சாண் கணக்குத்தான். ஒரே காலையில் மூன்று தட்டு முடித்து, தள்ளி நின்று அழகு பார்த்தேன்.

பிழையைப் பார்த்தது சுகிதான். அந்த வீட்டு யன்னல் கதவுகள் உள்பக்கம் திறப்பவை. அவை திறந்து கிடந்தபோது நான் குறுக்கே அறைந்த பலகைகள் ஒரு சாண் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன.

"மாமா, இனி யன்னல் பூட்டேலாதா?"

"பூட்டி என்னத்துக்கு? அதான் செடி இருக்கே."

சொல்லிவிட்டேன். சொன்ன வாய் இதுதான். அக்காவிடம் மட்டும், அடுத்த ஞாயிறு கழற்றி வெட்டித் தருகிறேன் என்றேன். அந்த ஞாயிறு கிரிக்கெட் மட்ச். அதற்கடுத்த ஞாயிறு உடப்பில் ஒரு சிநேகிதனின் கலியாணம். சுகி தினமும் ஈரத்துணியால் இலைகளைத் துடைத்தாள். துணி வெள்ளையாவதைப் பார்த்து, செடிகள் வேலை செய்கின்றன என்று அவளுக்குச் சந்தோஷம்.

மூன்றாம் கிழமை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழுந்தது. அன்று பார்த்துச் சூளை பிரித்தோம். புகைபோல எழும்பிய தூசி முழுவதும் தென்னந்தோட்டப் பக்கம் போவதை நான் கண்டேன். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு தொடர்ந்து வாரினேன். வீட்டில் அக்கா யன்னலில் ஈரச் சேலையைத் தொங்கவிட்டிருக்கிறாள். காற்று அதை ரின்களோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. பிறகு வெறுங்கையால் பலகைகளைப் பிடுங்கப் பார்த்திருக்கிறாள். நான் நன்றாகத்தான் அறைந்திருந்தேன். பக்கத்து வீட்டு நானா சுகியைத் தூக்கி ஓட்டோவில் போட்டுக்கொண்டு புத்தளம் ஆசுப்பத்திரிக்குப் பறந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்காவின் விரல்களில் நகங்கள் கிழிந்திருந்தன.

யன்னல் பூட்டியிருந்தாலும் பிள்ளையைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அக்கா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் தானே கல்லும் சீமெந்தும் வாங்கி அந்த யன்னலைக் கட்டி மூடினாள். நான் உதவப் போனபோது கையிலிருந்த சாந்துக் கரண்டியைத் தரவில்லை.

இப்போது அந்தச் சூளை இல்லை. இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர் தங்குகிற கொட்டில்கள். தென்னந்தோட்டமும் போய்விட்டது. காற்று சுத்தமாகக் கடலிலிருந்து நேரே வருகிறது. போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். பட்டப்பகலில் லைட் போட்டுக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது தூசி இல்லையே, சுவரை உடைத்து யன்னலைத் திறந்து தரட்டுமா என்று கேட்டேன்.

அக்கா சுளகிலிருந்து தலை நிமிரவில்லை.

"ஆருக்குத் தம்பி?" என்றாள்.