பாறையடியில் ஒரு சோற்றுச் சட்டி

அன்று என்னைப் பாறையடியில் நிறுத்தியது சோறா, பயமா? ஒரு வருடமாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

கல்முனையில் எங்கள் வீட்டு மாடியில் உடுப்புக் காயப்போடும்போது, மேற்கே வயல்களுக்கு அப்பால் மலைகள் நீலக் கோடாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் புவியியல் படித்த நாளிலிருந்து ஒரு மலையிலாவது ஏறிவிட ஆசை. சென்ற வருடம் விடுமுறையில் கணவர் தானாகவே கேட்டார், "போவமா?" என்று. பொத்துவிலுக்கு அப்பால் உள்ள அரச காட்டில் பாறை உச்சிவரை நடைபாதை ஒன்று உண்டு. எட்டு மாதக் குழந்தையை என் உம்மாவிடம் விட்டுவிட்டு, ஏழு வயது மகளோடு புறப்பட்டோம்.

எங்கள் ஊரில் சோறு கட்டாமல் யாரும் பயணம் போவதில்லை. நானும் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு மஞ்சள் சோறும் இறைச்சிக் கறியும் ஆக்கி, ஒரு சட்டியில் கட்டினேன். மூவரும் ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட, பெரிய சஹன் தட்டையும் எடுத்துக்கொண்டேன்.

"மலை ஏறப் போறமா, கந்தூரி விருந்துக்குப் போறமா?" என்று கணவர் சிரித்தார்.

பாறையடியில், காட்டு வாசலில் இருந்த காவலர் சட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"சோத்தோட உள்ளுக்குப் போக ஏலா தங்கச்சி. மணத்துக்கு யானை வரும். இங்க வெச்சிட்டுப் போங்க. ஆனா குரங்குக்கு நான் பொறுப்பில்ல."

"குரங்கு திண்டா திங்கட்டும், நீங்க வாங்க," என்றார் கணவர்.

"சோத்த வீணாக்கினா பாவம். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

எவ்வளவு விரைவாகச் சொல்லிவிட்டேன்! யானைகள் பற்றிய அறிவித்தல் பலகையை அதற்கு முன்பே இரண்டு தரம் வாசித்திருந்தேன். எனக்கு ஏதும் ஆனால் பால்குடிப் பிள்ளை என்ன செய்யும் என்றும் நினைத்திருந்தேன். அப்படியானால் மகளை மட்டும் எப்படி அனுப்பினேன்? அதுவும் தெரியவில்லை.

அவர்கள் மரங்களுக்குள் மறைந்தார்கள். இரண்டு மணித்தியாலம் சட்டியின் பக்கத்தில் இருந்தேன். ஈர இலையின் வாசம் வந்துகொண்டே இருந்தது. ஒரு குரங்குகூட வரவில்லை.

மகள் ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"உம்மா, மேல நிண்டா கடல் தெரியுது! காடு முடியிற இடத்துல கடல்! நீங்க ஏன் வரல்ல?"

"சாப்பிடு மகள்," என்றேன்.

இப்போது மறுபடியும் விடுமுறை வருகிறது. சின்னவன் இன்னும் பால் மறக்கவில்லை. "ரெண்டு வயசு முடியட்டும். மலை எங்கயும் ஓடாது," என்கிறார் உம்மா. உண்மைதான். ஆனால் உடுப்பெல்லாம் காயப்போட்ட பிறகும் நான் மாடியிலேயே நிற்கிறேன். அந்தப் பாறை இங்கிருந்து தெரியாது என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

பால்குடிப் பிள்ளையை ஒரு பகல் விட்டுவிட்டு இப்படி ஏறி வந்த தாய்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்த முறை போகட்டுமா, பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை பொறுக்கட்டுமா? போவதென்றால், மணக்காத சாப்பாடு என்ன கட்டலாம்?