மூணுகட் அக்கா

"மூணுகட் அக்கா இருக்காங்களா?" என்று ஒருத்தி வாசலில் வந்து கேட்டபோதுதான், என் நாத்தனார் மகளுக்கு அப்படியொரு பெயர் இருப்பதே எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

அவளுக்கு ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டும் வேலை. புதிதாக வந்த மேனேஜருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அவரிடம் பேசத் தெரிந்தவளுக்கே சூப்பர்வைசர் பதவி என்றார்கள். அதனால் புருஷன் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, இவள் வினைச்சொற்களை ஒப்பித்தாள். 'கோ, வென்ட், கான்' தடங்கலின்றிப் போனது. 'கட், கட், கட்' வந்ததும் நின்றுவிட்டாள்.

"ஏங்க, வெட்டுறதும் கட், வெட்டினதும் கட்டா? அச்சடிச்சவன் தூங்கிட்டானா?"

"அப்படித்தான் போட்டிருக்கு. சொல்லு."

"வெட்டியாச்சா இல்லையான்னு அந்த மனுஷனுக்கு எப்படிங்க தெரியும்?"

"அது அவரு பாடு."

மறுநாள் மேனேஜர் நீலத் துணியைப் பற்றி விசாரித்தார். இனிமேல்தான் வெட்டப்போகிறேன் என்ற எண்ணத்தில், "ஐ கட்" என்றாள். வெட்டி முடித்துவிட்டாள் என்று நினைத்து அவர் தையல்காரிகளைத் துணி எடுக்க அனுப்பிவிட்டார். வந்து பார்த்தால் துணி முழுசாகக் கிடக்கிறது. "புத்தகத்துல மூணும் கட்டுதாங்க" என்று இவள் சொல்ல, அவர்கள் சிரித்த சிரிப்பில் பெயர் ஒட்டிக்கொண்டது. பதவி போச்சே என்று பதறியவள் மேனேஜரிடம் ஓடி, "எஸ்டர்டே நோ கட். டுடே கட்" என்றாள். அவருக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் எஸ்டர்டே, டுடே என்று சேர்த்தே சொன்னாள். மூன்று கட்டும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்பது மட்டும் அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது அவள் அதே கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறாள்.