வக்கீலுக்கு வீடு

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ஆபீஸ் வைத்திருந்த அந்த வக்கீல் ஒல்லியானவர். உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். குரோம்பேட்டையில் அப்பா கடன் வாங்கிக் கட்டிய மாடிப் போர்ஷனுக்கு வாடகை அக்ரிமெண்ட் எழுத அவரிடம் போனேன். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். தப்பான ஆள் குடிவந்துவிட்டால் பழி எனக்கு.

"யாருக்கு சார் விடக்கூடாது?"

"போலீசுக்கு விடாதீங்க தம்பி. வக்கீலுக்கு விடவே விடாதீங்க. கிளப்ப முடியாது!" என்று சிரித்தார்.

குடிவருபவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டு டைப் அடித்த தாளை நீட்டியவர், பிடியை விடவில்லை.

"அந்த மாடியை எனக்கே தருவீங்களா? ரொம்ப நாளா தேடறேன். வக்கீல்னாலே கதவைச் சாத்தறாங்க."

அப்பாவிடம் வந்து சொன்னேன். "வேணாம்னு வக்கீலே சொல்லிட்டாருல்ல?" என்றார்.

வீடு கிடைக்காமல் அலைந்தவர் அந்த யோசனையை எனக்கு ஏன் சொன்னார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.